கொம்பனித்தெரு: லேனிலிருந்து லிப்டுக்கு

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் தொடர்மாடியின் பதினோராவது மாடியில் ஒரு மூத்தவர் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அஸருக்கு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். குளிப்பாட்டி கபனிட்டு முடிந்தது. பள்ளியிலிருந்து சந்தூக்கும் வந்தது. லிப்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு இளைஞர்கள் அதை நேராகவும் சரித்தும் திருப்பியும் பார்த்தார்கள். உள்ளே போகவில்லை. ஒன்றரை அடி வெளியே நின்றது. மையித்தைக் கதிரையில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொல்ல, அவருடைய மூத்த மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைசியில் படியால் இறக்கினோம். பதினொரு மாடி, ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு திருப்பம். திருப்பத்துக்குத் திருப்பம் தோள் மாற்றிக்கொண்டு கீழே வந்து சேர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜமாஅத்தைத் தவறவிட்டோம்.

அவர் பிறந்து அறுபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த பழைய லேனில் இருந்து பள்ளிவாசலுக்கு நான்கு நிமிட நடை. அங்கே ஒரு வீட்டில் மௌத்து என்றால் எதிர்வீட்டார் தங்கள் திண்ணையில் கிடக்கும் சாமான்களை ஒதுக்குவார்கள், கொடியில் காயும் உடுப்புகளைக் கழற்றுவார்கள், சந்தூக்கு போக வழி பிறந்துவிடும். ஒடுங்கிய லேன்தான். இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்க்க வேண்டும். ஆனாலும் அந்த லேனில் எந்த ஜனாஸாவும் வழியில்லாமல் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொம்பனித்தெருவில் வீடு இழந்து, வாடகை வீடுகளில் அலைந்து, திரும்பி வந்து மாடியில் குடியேறிய எங்களிடம் வெளியே இருப்பவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, "முடுக்கில இருந்த ஒங்களுக்கு கொழும்பு ரெண்டில கோடிக்கணக்குப் பெறுமதியான வீடு கிடைச்சிருக்கு, இன்னும் என்ன குறை?" என்பதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் எமது சமூகத்தவர்களே. அவர்கள் கேட்பதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதென்றால் கொம்பனித்தெரு எப்படிப்பட்ட இடம், அங்கே மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

பெயரில் இருந்து ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு அடிமைத் தீவு என்று பெயர். ஒல்லாந்தர் தங்கள் கோட்டையில் வேலை வாங்கிய ஆபிரிக்க அடிமைகளை இரவில் பேரை ஏரியால் சூழப்பட்ட இந்த நிலத்துண்டில் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள் என்பது வரலாறு. தப்பி ஓடாமல் இருக்க ஏரியில் முதலைகளை விட்டார்கள் என்றும் சொல்வார்கள். 2022 இறுதியில் பிரதமர் அலுவலகம் இனி மூன்று மொழிகளிலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே பாவிக்க வேண்டும் என்று பணித்தபோது சிலர் அதை விடுதலை என்று கொண்டாடினார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் நாங்கள் ஒருபோதும் அடிமைத் தீவு என்று சொன்னதில்லை. சிங்களவர்களும் கொம்பஞ்ஞ வீதிய என்றே சொன்னார்கள். அந்தப் பெயரிலும் ஒல்லாந்தக் கொம்பனிதான் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கதை.

அடிமைகளுக்குப் பிறகு இந்த மண்ணில் சிப்பாய்கள் வந்தார்கள். ஜாவாவில் இருந்தும் அதைச் சூழ்ந்த தீவுகளில் இருந்தும் ஒல்லாந்தர் கொண்டுவந்த மலே படைவீரர்களை ஆங்கிலேயர் தமது படையில் சேர்த்துக்கொண்டனர். அதுவே பின்னாளில் இலங்கை ரைபிள் படையணி ஆனது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள். வேகந்தைப் பள்ளிவாசலின் தொடக்கம் 1786 என்று சொல்லப்படுகிறது. பாண்டான் பாலி என்ற ஜாவா நாட்டவர் தனது நிலத்தை அதற்கு வழங்கினார். படைவீரர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளிவாசல் பின்னர் எழுந்தது, அதை இன்றும் மிலிட்டரிப் பள்ளி என்றே அழைக்கிறோம். 1870களின் முற்பகுதியில் படையணி கலைக்கப்பட்டது. சிப்பாய்களின் பிள்ளைகள் பொலிஸிலும் தீயணைப்புப் படையிலும் தோட்டங்களிலும் எழுதுவினைஞர் வேலையிலும் சேர்ந்தார்கள். 1872இல் ஆரம்பமான கொழும்பு மலே கிரிக்கெட் கழகத்தின் மைதானம் இன்னும் இருக்கிறது. 'படாங்' என்று நாங்கள் சொல்வது அந்த மைதானத்தைத்தான். மலே மொழியில் படாங் என்றால் திடல்.

ஒரு சின்னத் தகவலையும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் இருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலே மொழிப் பத்திரிகையை அரபு எழுத்தில் வெளியிட்டார். அரபுத் தமிழை வைத்துப் பெருமைப்படும் நாம், பக்கத்து வீட்டு மலேக்காரரிடம் அதே போன்ற ஓர் எழுத்து மரபு இருந்ததை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஸாஹிராக் கல்லூரியை 1921 முதல் 1948 வரை கட்டியெழுப்பிய டி.பி. ஜாயா ஒரு மலே என்பதுகூட இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

என் உம்மாவின் உம்மா மலே. நாங்கள் அவரை நெனே என்று கூப்பிடுவோம். மூத்தப்பா பேருவளைப் பக்கத்துச் சோனகர், புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலைக்கு வந்தவர். வீட்டில் நெனே கோபம் வந்தால் மலேயில் ஏசுவார், கணக்குப் பார்ப்பது தமிழில், கடைக்காரனோடு பேரம் பேசுவது சிங்களத்தில். இது எங்கள் வீட்டுக்கு மட்டுமான விசேடம் அல்ல. லேனில் இருந்த நாற்பது சொச்சம் வீடுகளில் சோனகரும் மலேயரும் பாதிக்கு மேல், மற்றவை சிங்கள, தமிழ்க் குடும்பங்கள், இரண்டு பறங்கிக் குடும்பம். பெருநாளைக்கு வட்டிலப்பம் எல்லா வீட்டுக்கும் போகும். கியூ வீதி சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் திருவிழா என்றால் எங்கள் வீட்டுக்கு வாழைப்பழமும் வடையும் வரும், வெசாக்கில் தன்சல் வரிசையில் தொப்பி போட்ட பையன்களும் நிற்பார்கள். இதையெல்லாம் 'இன ஒற்றுமை' என்று யாரும் அங்கே பேசவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் நீண்ட நாளைக்குப் பகைத்துக்கொண்டு இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் கொம்பனித்தெருவைச் சொன்னதாகாது. பிட்டும் பாபத்தும் சாப்பிட வெள்ளவத்தையில் இருந்தும் தெஹிவளையில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். பாபத் என்பது மாட்டுக் குடலைச் சுத்தம் செய்து நீண்ட நேரம் வேகவைத்துச் செய்யும் மலேக் கறி. வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். நெனே அதற்கு ஸுபஹுக்கு முன்பே உட்காருவார். மலே அச்சாறு, பெஸ்தோல், இரவுக்குக் கொத்து, கால் சூப். வெளியாருக்கு இது ருசி. லேனுக்குள் இது தொழில், அதிலும் பெண்களின் தொழில்.

இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் கொம்பனித்தெரு போன்ற ஓர் இடம் எப்படி இயங்குகிறது என்பதற்கு இதுவே திறப்பு.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு விதவைத் தாய் இருந்தார், மூன்று பிள்ளைகள். வீடு இருநூறு சதுர அடி இருக்கும். காலையில் வாசல்படிக்கு வெளியே அடுப்பை வைத்து இடியப்பம் அவிப்பார். லேனால் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அவருக்குக் கடை வாடகை இல்லை, விளம்பரம் இல்லை, பஸ் செலவு இல்லை. அரிசிமாவு சந்திக் கடையில் கொப்பிக்குக் கிடைக்கும், மாலையில் கணக்குத் தீர்ப்பார். இடியப்பம் அவிக்கிற நேரம் கடைசிப் பிள்ளையை எதிர்வீட்டு மாமி பார்த்துக்கொள்வார். வாரம் ஒரு சீட்டு, அதைப் பிடிப்பது இன்னொரு வீட்டு ராத்தா. மகளுக்குக் காது குத்தவும் மகனுக்குச் சுன்னத் வைக்கவும் அந்தச் சீட்டுத்தான் கைகொடுத்தது. இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு வங்கியோ அரச சார்பற்ற நிறுவனமோ செய்துகொடுக்கவில்லை. வாசல் தெருவோடு ஒட்டியிருந்தது, ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. மூலதனம் அதுதான்.

ஆண்களின் பிழைப்பும் தூரத்தில் இல்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார், துறைமுகத்து வேலையாட்கள், கோட்டை அலுவலகங்களில் பியோன், சாரதி, தையற்காரர், த்ரீவீலர் ஓட்டுநர், பாதையோர வியாபாரிகள். கிளெனி வீதிப் பக்கம் இருந்த எலிபன்ட் ஹவுஸ் தொழிற்சாலையில் ஐஸ்கிரீமும் சோடாவும் செய்த தலைமுறை ஒன்றும் உண்டு. அநேகமாக எல்லோரும் நடந்தே வேலைக்குப் போனார்கள். நகரத்தின் நடுவில் ஏழைகள் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நாட்கூலிக்காரனுக்கு இரண்டு பஸ் மாறி வருவதென்றால் கூலியில் ஒரு பங்கு பாதையிலேயே போய்விடும். அதிகாலை மூன்று மணிக்கு லொறி வரும்போது பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் மூட்டை கிடைக்கும்.

லேனுக்கு ஒரு கடிகாரமும் இருந்தது. ஸுபஹுக்கு மோதினாரின் பாங்கு, அதற்கு முன்பே குழாயடியில் வாளிச் சத்தம். ஏழு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகள். பத்து மணிக்குமேல் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்ச் செய்தி பேசுவார்கள். மஃரிபுக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளின் சத்தம். இஷாவுக்குப் பிறகு கெரம் பலகை. ரமழானில் இந்தக் கடிகாரம் தலைகீழாகும். அஸருக்குப் பின் பள்ளியில் நோன்புக் கஞ்சி வாங்கச் சிறுவர்கள் வாளியோடும் கேத்தலோடும் வரிசையில் நிற்பார்கள். எங்கள் லேனுக்குச் சிங்கள வீட்டுப் பையன் ஒருவன்தான் எப்போதும் வரிசையில் முதல் ஆள்.

இனி மறுபக்கம். பழையதை நினைத்து உருகுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள், நான் தாண்டமாட்டேன். நாற்பது வீட்டுக்கு ஆறு மலசலகூடம். இரவில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, உம்மா டோர்ச்சோடு கூடப் போக வேண்டும். பெருமழை பெய்தால் கானும் ஏரியும் ஒன்றாகி வீட்டுக்குள் வரும், குர்ஆனையும் பாடசாலைப் புத்தகங்களையும் அலுமாரிக்கு மேல் ஏற்றுவோம். ஒரு வீட்டில் அடித்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். கலியாணம் முடித்த மகனும் மருமகளும் ஒரு திரைக்கு அந்தப் பக்கம் படுப்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு மூலை கிடையாது. தூளும் வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு மூன்று. விற்றவன் யார் என்று லேனுக்கே தெரியும், சொல்ல யாருக்கும் துணிவில்லை. என் வயதுத் தோழர்களில் இருவர் அதில் போனார்கள். ஒருவனின் உம்மா மகனைத் தேடிச் சிறைக்கும் வைத்தியசாலைக்கும் நடந்தே கால் வீங்கிப் போனார்.

ஆனால் தூள் விற்றவர்கள் நான்கைந்து பேர். முகவரியைச் சுமந்தது எல்லோரும். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் க.பொ.த. உயர்தரம் முடித்துக் கணக்கியல் படித்தவன். ஒரு தனியார் நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது முகவரியைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமா?" என்று கேட்டார்களாம். வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எல்லா விண்ணப்பத்திலும் தெஹிவளையில் இருக்கும் மாமியின் முகவரியைத்தான் எழுதினான். கலியாணப் பேச்சிலும் இதே கதை. "புள்ள நல்ல புள்ளதான், எடம்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். இழுத்தவர்கள் வேற்று மதத்தவர்கள் அல்ல. வெள்ளிக்கிழமை எங்களோடு தோளோடு தோள் நின்று தொழுதவர்கள்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் பாதுகாப்புப் படையினர் சூழ நிற்க இடிக்கப்பட்டன. பாடசாலையில் இருந்து வந்த பிள்ளைகள் வீடு இருந்த இடத்தில் கல்லும் தகரமும் கிடப்பதைப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்று எவருக்கும் தெரியவில்லை. அதன் பின்னர் ஜாவா லேன் உட்பட மற்றப் பகுதிகளிலும் அளவெடுப்பும் அறிவித்தல்களும் தொடங்கின. கொழும்பு முழுவதும் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகவும், அவர்களை மாடிகளுக்கு மாற்றி அந்தக் காணிகளை விடுவிப்பதே திட்டம் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். காணியை விடுவிப்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். காணி யாரிடம் இருந்து விடுவிக்கப்படுகிறது?

எங்களுக்கு இரண்டு வருடத்தில் புதிய வீடு, அதுவரை வாடகைப் பணம் என்று சொல்லப்பட்டது. இரண்டு வருடம் பல வருடங்களானது. லேன் வத்தளை, கொலன்னாவை, தெமட்டகொடை, மாளிகாவத்தை என்று சிதறியது. எங்கள் நெனே தெமட்டகொடை வாடகை வீட்டில் வபாத்தானார். கடைசி நாட்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது வீட்டை அல்ல, மிலிட்டரிப் பள்ளிப் பாங்கு ஏன் கேட்கவில்லை என்பதைத்தான்.

எண்ணிக்கை எடுத்த விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அளவெடுக்க வந்தவர்கள் கதவைத்தான் எண்ணினார்கள். ஒரு கதவுக்குள் உம்மா, கலியாணம் முடித்த இரண்டு பிள்ளைகள் என்று மூன்று குடும்பம் இருக்கும். மாடி கட்டிப் பிரித்து வைத்திருப்பார்கள். சில இடங்களில் வாக்காளர் இடாப்பும் தனி மின்மானியும் காட்டியவர்கள் இரண்டு வீடு பெற்றார்கள். காட்ட முடியாதவர்களுக்கு ஒரு கதவுக்கு ஒரு வீடு. எமது சமூகத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. லேனில் ஒரு வாப்பா மகளின் கலியாணத்துக்குத் தகரக் கூரையைக் கழற்றி மேலே ஓர் அறை எழுப்பிவிடுவார், சீட்டுப் பணம் போதும். மாடியில் மேலே எழுப்ப வானம் இல்லை. நானூறு ஐந்நூறு சதுர அடி, அதற்கு மேல் ஓர் அங்குலம் சேர்க்க முடியாது. இரண்டாவது மகள் கலியாணம் முடித்தால் வெளியே வாடகைக்குத்தான் போக வேண்டும். கொம்பனித்தெருவில் இன்றைய வாடகை அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வத்தளைக்கோ மாபோலைக்கோ போவாள். அப்படியே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பாதி வெளியேறிவிடும்.

மாடிக்கு வந்ததும் என்ன நடந்தது? முதல் நாள் என் உம்மா குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதார். அறுபது வயதில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு மலசலகூடம், உள்ளே பூட்டு. அதை யாரும் சிறுமைப்படுத்த எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகள் மேசை போட்டுப் படிக்கிறார்கள். மழை பெய்தால் பயமில்லை. எங்கள் மாடியில் இருந்து தாமரைக் கோபுரமும் ஏரியும் தெரிகின்றன. வருகிறவர்கள் எல்லாம் முதலில் செல்பி எடுக்கிறார்கள்.

இடியப்பம் அவித்த பக்கத்து வீட்டுத் தாய் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். வாசலில் தெரு இல்லை, ஓர் இருண்ட நடை. அங்கே அடுப்பு வைக்கக் கூடாது. இடியப்பத்தை வாளியில் வைத்து லிப்டில் இறக்கிக் கீழே விற்றுப் பார்த்தார், காவலாளி எழுப்பிவிட்டார். இப்போது வட்ஸ்அப்பில் பேரன் மூலம் ஓடர் எடுக்கிறார். லேனில் விற்றதில் பாதிகூட இல்லை. கொப்பிக் கடை இல்லாமல் போனதால் மாவை ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் கேஸும் பராமரிப்புக் கட்டணமும் மாதமாதம் ரொக்கத்துக்கு. லேனில் விறகு எரிந்தது, குழாய்த் தண்ணீருக்கு அநேகமாகக் காசில்லை. 2022 நெருக்கடியில் கேஸ் இல்லாமல் கொழும்பு திண்டாடியபோது தரையில் இருந்தவர்கள் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். மாடியில் எங்கே கல் வைப்பது? சில வீடுகளில் பல்கனியில் விறகு மூட்டி, புகையில் மேல்வீட்டாரோடு சண்டை.

நாட்கூலிக்காரனின் வருமானம் நாளுக்கு நாள் வருகிறது, மாடியின் செலவு மாதத்துக்கு மாதம் வருகிறது. பிரச்சினையின் அடி இங்கேதான் இருக்கிறது. கட்டணம் இரண்டு மாதம் பிந்தினால் பெயர் பட்டியல் கீழே ஒட்டப்படும். பட்டியலில் பெயர் வந்த ஒரு மனிதர் பள்ளிக்கு வருவதையே கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். லிப்ட் பழுதானால் முதியவர்கள் ஜும்ஆவுக்கு இறங்குவதில்லை. நீரிழிவில் கால் எடுத்த ஒருவர் பெருநாள் தொழுகைக்குக்கூட வரவில்லை. லேனில் அவர் கதிரையைப் போட்டு வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஸலாம் சொல்வார்கள். தூள் விற்பவனுக்கோ மாடி வசதியாகிவிட்டது. லேனில் அவனுக்கு நாற்பது வீட்டுக் கண் இருந்தது, இங்கே அவன் கதவும் எங்கள் கதவைப் போலவே மூடியிருக்கிறது.

எங்களுக்கு எதிரே, எலிபன்ட் ஹவுஸ் இருந்த பழைய காணியில் இன்று சினமன் லைப் எழுந்து நிற்கிறது. 2024 ஒக்டோபரில் ஹோட்டல் திறந்தார்கள், 2025இல் கசினோவும் வந்தது. சற்றுத் தள்ளி சாய்ந்து நிற்கும் அல்டெயர். இவற்றில் துப்புரவுக்கும் காவலுக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் போகிறார்கள். கசினோ பற்றி ஜும்ஆவில் குத்பா செய்யப்பட்டது, செய்ய வேண்டியதுதான். ஆனால் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாமல் வெட்கப்பட்டு ஒளிந்த மனிதரைப் பற்றி ஒரு குத்பாவும் நான் கேட்கவில்லை. ரமழானில் கொழும்பு ஏழைகளுக்கு உலருணவுப் பொதி கொடுக்கும் தனவந்தர்கள் கமெராவோடு வருகிறார்கள். அல்லாஹ் அவர்களின் தர்மத்தை ஏற்றுக்கொள்ளட்டும். 2020 மே மாதம் மாளிகாவத்தையில் பணம் பகிர்ந்த இடத்து நெரிசலில் மூன்று பெண்கள் இறந்த பின்னரும் பகிரும் முறையை நாம் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸகாத் நிதியில் ஒரு பகுதியை ஒவ்வொரு மாடிக் கட்டடத்திலும் கட்டணம் பிந்திய குடும்பங்களுக்கு, பெயர் வெளியே தெரியாமல், நேரடியாக நிர்வாகத்துக்குச் செலுத்திவிட முடியாதா? பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையொன்றில் காலை ஐந்து முதல் எட்டு வரை இடியப்பம் விற்கும் பெண்களுக்கு ஒரு மேசை போட இடம் கொடுப்பதற்கு எத்தனை கூட்டம் வேண்டும்?

மலேச் சகோதரர்கள் பற்றியும் எனக்கு ஒரு கவலை உண்டு. லேன் கலைந்ததில் அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான். சோனகர்களாகிய எமக்கு நாடு முழுவதும் ஊர்கள் உண்டு, தமிழ் பேச ஆள் உண்டு. மலே மொழி வாழ்ந்தது இப்படிப்பட்ட சில தெருக்களில்தான். நெனேயோடு படிக்கட்டில் உட்கார்ந்து பேசியவர்கள் இப்போது ஐந்து கட்டடங்களில், மூன்று நகரங்களில். என் பிள்ளைகளுக்கு மலேயில் எண்ணத் தெரியும், பத்து வரைக்கும். ஏச்சு வார்த்தைகள் சில தெரியும், அவற்றைக் கற்றுக்கொடுத்தது நான்.

பதினோராவது மாடி ஜனாஸாவுக்குப் பிறகு குடியிருப்பாளர்களும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்தோம். இருபது பேர் வந்திருந்தார்கள், அதில் மூன்று பேர் பௌத்தர்கள், ஒருவர் இந்து. அவர்களுக்கும் இதே பிரச்சினைதான், சவப்பெட்டியும் லிப்டுக்குள் போகாது. கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் பொது அறையை எல்லா மதத்தாரின் இறுதிக் காரியங்களுக்கும் திறந்து தரும்படி கடிதம் எழுதிக் கட்டட நிர்வாகத்திடம் கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை. லேனில் எங்களோடு இருந்த தையற்கார நானா ஒருவர் லிப்டை அளந்து பார்த்துவிட்டுத் தடித்த கன்வஸ் துணியில் ஒரு தூளி தைத்துக் கொடுத்திருக்கிறார். இருபக்கமும் மூன்று மூன்று பிடி, நடுவில் மடியாமல் இருக்கப் பலகை வைத்தது. படியில் திருப்பங்களில் திரும்ப வசதியாக சந்தூக்கைவிட ஓர் அடி கட்டை. அது இப்போது ஒன்பதாவது மாடியில், இடியப்பம் அவிக்கும் அந்தத் தாயின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அவர் எப்போதும் வீட்டில்தான் இருப்பார், எந்நேரமும் தட்டலாம் என்பதால் அங்கே வைத்தோம்.